கூரையிலிருந்து இறங்கும் கைமரம் விறகல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு பழைய வீட்டின் கூரையைப் பிரித்தார்கள். முதலில் ஓடுகளை இறக்கினார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி, வைக்கோல் பரப்பிய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் பக்குவமாக அடுக்கினார்கள். பழைய ஓட்டுக்கு வாங்க ஆள் இருக்கிறது, அதனால் அந்தக் கவனம். அதன் பிறகு ஓடுகளைத் தாங்கி நின்ற கைமரங்களைக் கழற்றினார்கள். அவற்றை யாரும் கைமாற்றி இறக்கவில்லை, மேலிருந்து முற்றத்துக்கு எறிந்தார்கள். பத்தரை மணிக்கு விறகு வாங்குபவர் வந்து, எல்லாவற்றையும் இரண்டடித் துண்டுகளாக இயந்திர வாளால் அரிந்து ஏற்றிக்கொண்டு போனார். அரியும்போது வாள் கத்திய கத்தலிலேயே, வைரம் பாய்ந்த கறுத்தப் பனையை அரிகிறார்கள் என்று என் வீட்டுக் குசினிக்குள் நின்றே எனக்கு விளங்கியது.

நான் போய்க் கேட்டேன். வீட்டுக்காரர் என்னிடம் படித்த பிள்ளைதான். "ரீச்சர், நாங்கள் தகட்டுக் கூரை போடுறம். இதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்த இடத்தில் எனக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பல பேர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இந்த வருடம் கூரை மாற்றுகிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

என்ன செய்யலாம் என்றால், நான் ஒரு மீன்தொட்டி ஸ்ரான்ட் செய்தேன்.

31 வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மரவேலை எனக்குத் தெரியாது. பேரனின் பதினோராவது பிறந்தநாளுக்கு மகளும் மருமகனும் நாலடி மீன்தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். தொட்டியோடு ஒரு ஸ்ரான்டும் நகரில் உள்ள கடை ஒன்றில் வாங்கினார்கள். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை அது, மேலே தேக்கு மாதிரித் தாள் ஒட்டியிருந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியபோது அதன் அடிவிளிம்பு மெல்லத் தடித்தது. தொட்டியைத் துடைக்கும்போது சிந்துகிற தண்ணீரும், மழைநாளில் தரையில் பூக்கிற ஈரமும் ஒட்டிய தாளின் பொருத்துக்குள் போயிருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் இரவு 'டக்' என்று ஒரு சத்தம். பேரன்தான் முதலில் ஓடிவந்தான். "அம்மம்மா, தண்ணி சரிஞ்சு நிக்குது!" உண்மைதான், தொட்டியின் ஒரு பக்கத்தில் தண்ணீர் மற்றப் பக்கத்தை விட ஒரு விரல் உயரமாக நின்றது. இடதுபக்கக் கால் ஊறின ரஸ்க் மாதிரிப் பொருபொருத்து இறங்கியிருந்தது. நாங்கள் நாலு பேரும் வாளியும் சட்டியுமாக அரைமணி நேரம் அள்ளினோம். கண்ணாடி உடையவில்லை, ஒரு மூலைச் சிலிக்கன் மட்டும் விட்டுப்போனது. அந்த நேரம் பிள்ளை தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மீன்களைக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிக்குள் விட்டு, காகத்துக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மேலே வலை கட்டினோம். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற வன்தண்ணீர், கப்பி, மொலி மீன்களுக்கு அது நல்லாய்ப் பிடிக்கும். தை மாதம் அள்ளும்போது விட்டதை விட அதிகமாகவே இருந்தன.

அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 8 கன அடி. ஒரு கன அடி 28.3 லீற்றர், ஆகவே 226 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ. எங்கள் தொட்டி 8 மில்லிமீற்றர், ஐந்து முகமும் சேர்ந்து இரண்டு சதுர மீற்றருக்குக் கொஞ்சம் மேல், அதுவே 42 கிலோ. அடியில் பரப்பின கல் 40 கிலோ. கல் பிடிக்கிற இடத்துக்கு ஒரு 15 லீற்றர் தண்ணீரைக் கழித்தாலும், மூடியும் விளக்கும் வடிகட்டியும் சேர 300 கிலோ வந்துவிடுகிறது. 50 கிலோச் சீமெந்துப் பை ஆறு. ஆறு பைச் சீமெந்தை அந்த மரத்தூள் பலகைக்கு மேல் அடுக்கச் சொன்னால் யாராவது அடுக்குவார்களா? தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் அதன் பாரம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டி விற்பவர்கள் கனவளவைச் சொல்கிறார்கள். நிறையையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் எத்தனையோ வீடுகளுக்கு உதவியாக இருக்கும் என்று இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மரத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு 1962 இல் அம்மாவின் தகப்பனார் கட்டியது. 1995 ஐப்பசியில் போருக்குப் பயந்து எல்லோரையும் போல நாங்களும் வெளிக்கிட்டு, அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பெரிய வீட்டுக்குக் கூரை இல்லை, வளவில் நின்ற பனைகளில் பாதியும் இல்லை. அந்தக் காலத்தில் பனங்குற்றி பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போனது என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. குசினிக் கூரை மட்டும் தப்பியிருந்தது. 2019 இல் அந்தக் குசினியை இடித்தபோது, கைமரங்களை விறகுக்குக் கொடுக்க அம்மா விடவில்லை. "அது என்ரை ஐயா பார்த்துப் பார்த்து எடுப்பிச்ச மரம்" என்று ஒரே பிடி. சொல்லு மீறாமல் கிணற்றடிக் கொட்டிலில், கல்லு வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி, பதினாலு கைமரங்களையும் அடுக்கி வைத்தோம். அம்மா இப்போது இல்லை. மரம் இருந்தது.

ஆனால் அந்த மரத்தை எப்படித் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் 74 வயது ஓடாவியார் (தச்சர்) ஒருவர் இருக்கிறார். கண் மங்கியதால் வேலைக்குப் போவதில்லை. அவரிடம் போய், நீங்கள் வேலை செய்ய வேண்டாம், பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். வந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லித் தந்தார். வாள் பிடித்தது நானும் மருமகனும்.

முதல் நாள் அவர் செய்த வேலை மரத்தைத் தட்டிப் பார்த்ததுதான். சின்னச் சுத்தியலால் நுனியிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் 'கண்' என்று வெண்கலம் மாதிரிப் பேசியது. மூன்று மரங்களில் நடுவில் சத்தம் அடைத்தது. "ரீச்சர், இதுக்குள்ளை செல் குடும்பம் நடத்தியிருக்கு" என்று, கறையான் தின்ற அவற்றை ஒதுக்கி வைத்தார். அரிந்து பார்த்தோம். வெளியில் கறுப்பு அப்படியே இருக்க, உள்ளே சோற்றி எனப்படும் மென்மையான பகுதி இருந்த பக்கம் மண்ணாய்க் கொட்டியது.

பனையின் தன்மை இதுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பலா, வேம்பு போன்ற மரங்களுக்கு வைரம் நடுவில். பனைக்கு வைரம் வெளியில், நடுவில் சோற்றி. மற்ற மரங்களுக்குள்ள ஆண்டு வளையம் பனைக்குக் கிடையாது. முழுவதும் கம்பி கம்பியாக நார்க்கட்டுகள்தான், வெளிப்பக்கம் அவை நெருக்கமாகவும் கறுப்பாகவும் இருக்கும். அதனால்தான் முதிர்ந்த மரத்தின் வெளிப்புறத்தை மட்டும் பிளந்து கைமரம் எடுத்தார்கள். அப்படி எடுத்த மரம் 57 வருடம் குசினிப் புகையைக் குடித்து நின்றிருக்கிறது. புகை பட்ட மரத்தைப் பூச்சி கெதியில் தொடாது.

ஆணி விடயத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கழற்றிய முதல் துண்டில் பழக்கத்துக்காக ஒரு இரண்டு அங்குல ஆணியை நேராக அடித்தேன். மூன்றாவது அடியில் ஆணி வளைந்தது, நாலாவது அடியில் மரம் நார்வழியே ஒரு முழம் விண்டது. ஓடாவியார் கதிரையிலிருந்து எழும்பவில்லை. "பனைக்கு முதல் ஓட்டை, பிறகுதான் ஆணி. அதையும் அவதிப்பட்டுப் போடப்படாது, துறப்பணம் சூடேறினால் முனை செத்துப்போம்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டைக்கும் நடுவில் இரண்டு தரம் நிறுத்தி, துறப்பண முனையை ஈரச் சாக்கில் ஒற்றினேன். ஓட்டையிலிருந்து வந்த தூளில் பழைய குசினியின் புகைமணம் வந்தது. அறுபது வருடத்துச் சமையல் அது. மகளைக் கூப்பிட்டு மணக்கக் கொடுத்தேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு கால், நாலு மூலைக்கும் நாலு, நீளப்பக்கங்களின் நடுவில் இரண்டு. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இடையில் மூன்று குறுக்கு. கைமரத்தைச் சீவியபின் மூன்றரை அங்குல அகலமும் ஒன்றே முக்கால் அங்குலத் தடிப்பும் நின்றது. எல்லாமாக 46 அடி மரம் தேவைப்பட்டது. ஒன்பதடிக் கைமரம் ஏழு முடிந்தது.

இதில் ஓடாவியார் விட்டுக்கொடுக்காத ஒரு விடயம், மேல்சட்டம் காலின் தலையில் இருக்க வேண்டும் என்பது. காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்துத் திருகாணியால் முடுக்கினால் 300 கிலோவும் அந்த நாலைந்து திருகாணியில் தொங்கும். அதற்குப் பதிலாகக் காலின் தலையில் அரைவாசித் தடிப்பை வெட்டி, அந்த வெட்டின் படியில் சட்டத்தை இருத்தினோம். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கி நிலத்துக்குப் போகும். திருகாணிக்கு அங்கே, சட்டம் விலகாமல் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் வேலை. கடையில் வாங்கின ஸ்ரான்டைப் பிறகு கவனித்துப் பார்த்தேன், அதில் மேல்பலகை பக்கப்பலகைகளுக்கு நடுவில் சின்ன முளைகளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பின்பக்கத்துக்கு இரண்டு மூலைவிட்டச் சட்டம் போட்டது என் சொந்த யோசனை. ஒரு நாற்பக்கலின் பக்கங்கள் நாலும் மாறாமல் இருந்தாலும் அதன் கோணங்கள் மாறலாம். முக்கோணத்தில் அப்படி முடியாது, பக்கம் மூன்றும் நிச்சயமானால் கோணமும் நிச்சயம். இதை 31 வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மூலைவிட்டம் போடுவதற்கு முன் ஸ்ரான்டைத் தோளால் தள்ளினேன், ஒரு அங்குலம் ஆடியது. போட்ட பிறகு மருமகன் தள்ளினார், ஆடவில்லை. படிப்பித்த தேற்றம் ஒன்று என் தோளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

தரைமட்டத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எங்கள் முன்னறை சிவப்புச் சீமெந்துத் தரை. கழுவுகிற தண்ணீர் வாசலால் ஓடட்டும் என்று பழைய ஆட்கள் மெல்லிய சாய்வு வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு தெளிந்த ரியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தால், நாலடிக்குள் கால் அங்குலம் வித்தியாசம். பலாமர ஆப்புச் சீவி, சாய்வுப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் கொடுத்துச் சரிப்படுத்தினோம்.

இனிப் பூச்சு. இதில்தான் எனக்கு ஒரு மாதம் வீணானது.

கரி படிந்த மரத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் தும்புக்கட்டையும் வைத்துத் தேய்த்து, இரண்டு கிழமை நிழலில் உலர விட்டோம். பிறகு சீவுளி. நேராகச் சீவினால் நார் பிடுங்கிக்கொண்டு வரும், சீவுளியைச் சற்றுச் சரித்துப் பிடித்தால்தான் வழுக்கும். அதற்குப் பிறகு அரத்தாள், 80 இல் தொடங்கி 120, கடைசியாக 220. எப்போதும் நார் ஓடுகிற திசையிலேயே. பனைச் சிலாம்பு ஏறினால் எடுப்பது கடினம், நிறமும் தோலுக்குள் தெரியாது, ஆகவே தடித்த கையுறை போட்டேன். மூக்குக்கும் துணி. 220 முடித்து ஈரத்துணியால் துடைத்தபோது அந்தக் கறுப்புக்குள்ளிருந்து தேன்நிறக் கோடுகள் வந்தன. மழைத்தூறல் விழுந்த கண்ணாடியில் சாய்வாக ஓடுகிற கோடு மாதிரி, ஒன்றை ஒன்று தொடாமல், நீளத்துக்கும். அறுபது வருடமாகக் கூரைக்குள் நின்ற மரம் அது, நாங்கள் அதற்குக் கீழே இருந்து சாப்பிட்டோம், ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அவசரப்பட்டேன். மார்கழி நடுப்பகுதி, வெளியில் மழை. அரக்கை ஸ்பிரிற்றில் கரைத்த பொலிஷ் வாங்கி, பஞ்சுப் பொட்டலத்தால் ஒற்றி ஒற்றிப் பூசினேன். அடுத்த நாள் காலை பால் படர்ந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. ஸ்பிரிற் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பூச்சுக்குள் பூட்டிவிடுகிறது. மாரியில் பொலிஷ் போடக்கூடாது என்று ஓடாவிமார் சொல்வதன் காரணம் இதுதான். தவிர, மீன்தொட்டிக்கு அரக்குப் பொலிஷே பொருந்தாது. சிந்தின தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றாலே அதில் வெள்ளைத் தடம் விழும். முழுவதையும் ஸ்பிரிற்றால் கழுவி எடுத்துவிட்டுத் தைப்பொங்கல் வரை காத்திருந்தேன்.

அந்த ஓய்வு நாட்களில் ஒரு சோதனை செய்தேன். வெட்டி மிஞ்சின ஒரு பனைத் துண்டை, துணிக்குப் போடுகிற நீலம் கரைத்த தட்டில் நிமிர்த்தி வைத்தேன். அடுத்த நாள் அதை நடுவால் பிளந்து பார்த்தபோது நீலம் நார்வழியே அரை அங்குலம் ஏறியிருந்தது. பக்கங்களில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் பனைக்கு ஈரம் போகிற வாசல் வெட்டுமுகம்தான். ஆகவே காலின் அடிமுகங்களுக்கும் சட்டத்தின் நுனிகளுக்கும், ரர்பன்ரைன் கலந்து இளக்கின வார்னிஷை, குடிக்கக் குடிக்க நாலு தரம் கொடுத்தேன். அதற்குமேல் அடிக்கு மட்டும் தார். பழைய சைக்கிள் ரயரில் சதுரத் துண்டுகள் வெட்டி ஆப்புக்கும் தரைக்கும் நடுவில் வைத்தேன்.

தையில் வெயில் காய்ந்தது. பொலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முழுநாள், பிறகு 320 அரத்தாளால் மெல்ல வருடி, தூசியை ஈரத்துணியால் எடுத்து, அடுத்தது. வெளிப்பக்கம் மட்டுமல்ல, உள்பக்கத்துக்கும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துக்கும். தூரிகையைப் பாதியில் நிறுத்தாமல் முனையிலிருந்து முனைவரை ஒரே இழுவையாக இழுத்தால் கோடு விழாது. கடைசிப் பூச்சுக்குப் பிறகு வெளி விறாந்தையில் இரண்டு கிழமை வைத்தோம், மணம் முழுதாகப் போகும்வரை. மீன் இருக்கிற அறைக்குள் இந்த வேலை செய்யக்கூடாது.

இடையில் தொட்டியின் விட்டுப்போன மூலையைச் சுரண்டிப் புதுச் சிலிக்கன் போட்டோம். அது காயும்போது வினாகிரி மணம் வரும். அந்த மணம் போனபிறகும் பொறுத்து, ஒரு கிழமை விட்டே தண்ணீர் தொட்டது.

ஸ்ரான்டின் மேல் முக்கால் அங்குல மரைன் பிளைவூட், அதற்குமேல் அரை அங்குல ரெஜிபோம் என்ற நுரைத் தகடு. அடிக்கண்ணாடி சட்டமில்லாமல் வெறுமையாக இருக்கிற தொட்டிக்கு இது அவசியம். ஒரு சின்ன மணல் பருக்கை அடியில் இருந்தாலும் பாரமெல்லாம் அந்தப் புள்ளியில் ஏறும். ரெஜிபோம் அமிழ்ந்து அதை ஏற்றுக்கொள்ளும்.

மேல்சட்டத்துக்குக் கீழே ஒரு நூலை முனைக்கு முனை இழுத்துக் கட்டிவிட்டுத் தண்ணீர் விட்டோம். கால்பங்கு விட்டு ஒரு மணி நேரம் பொறுத்தோம். பாதி விட்டு மீண்டும் பொறுத்தோம். முழுதாக விட்டு இரவு முழுக்க வைத்தோம். காலையில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடையே கடதாசித் தாள் போகிறதா என்று பார்த்தோம், முதல்நாள் போன அதே தாள் அதே மாதிரிப் போனது. சட்டம் ஒரு தாளளவும் இறங்கவில்லை. அதன் பிறகு இரண்டு மாரி கடந்துவிட்டது. ஒவ்வொரு மாரியிலும் ரியூப்பை வைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் மட்டம் மாறவில்லை.

இவ்வளவையும் நான் எழுதியது எல்லோரும் மீன் வளர்க்க வேண்டும் என்பதற்காக அல்ல. 300 கிலோவை ஆடாமல் தாங்குகிற மரத்தை, வயது 60 கடந்தும் ஒரு குறையுமில்லாத மரத்தை, பேக்கரி அடுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வதற்காகத்தான். நிற்கிற பனைக்கு இந்த நாட்டில் காவல் உண்டு. பலா, ஈரப்பலாவோடு பெண்பனையையும் அனுமதியில்லாமல் தறிக்கக்கூடாது என்று 1951 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. நல்லது. ஆனால் படுத்த பனைக்குக் கேட்பார் இல்லை. ஒரு பனை கைமரத்துக்கு முற்ற ஒரு மனிதனின் ஆயுள் வேண்டும். போரில் போனவற்றுக்குப் பதிலாக நட்டவை இன்னும் இளசு. அப்படியிருக்க, ஏற்கனவே முற்றி, உலர்ந்து, புகைபிடித்துப் பதப்பட்ட மரம் ஒவ்வொரு பழைய கூரையிலும் இருக்கிறது. அதைவிட நல்ல மரம் இன்றைக்கு எந்த மரக்காலையிலும் காசு கொடுத்தும் கிடைக்காது. ஓடாவியார் சொன்னார், "இப்ப இந்தச் சாமான் கேட்டால் மரக்காலைக்காரர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிவினம்" என்று.

கூரை மாற்றுகிறவர்கள், விறகுக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு ஓடாவியைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் மூன்று பழுதாக இருக்கலாம், அவை விறகுக்குப் போகட்டும். மரத்தை எறியாமல் கயிற்றில் இறக்குங்கள். எறிந்த மரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும், சீவும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. சீவி முடித்த பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும், எனக்கு ஸ்ரான்டின் ஒரு காலில் அப்படித் தெரிந்து அழுகை வந்தது. நிலத்தில் படாமல் கல்லில் அடுக்கி, மேலே ஒரு தகரம் போட்டால் அது வருடக்கணக்கில் காத்திருக்கும். மரக்காலை வைத்திருப்பவர்கள் பழைய பனைக்கென்று ஒரு மூலை ஒதுக்கினால் வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள். கதிரைக்கும், புத்தக அலுமாரிக்கும், படலைக்கும், படிக்கட்டுப் பிடிக்கும் இது உதவும். மீன்தொட்டியைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் மீனை விட்டுவிட்டு ஸ்ரான்டின் காலைத் தடவி, இது என்ன மரம் என்றுதான் கேட்கிறார்கள். பனை என்றால் நம்புவதில்லை.

பாடசாலை அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். மரவேலைக் கூடம் உள்ள பாடசாலைகள் இந்த மரத்தைக் கேட்டு வாங்கலாம். பெற்றோர் சும்மாவே தருவார்கள். பனையை எப்படித் தட்டுவது, எப்படித் துளைப்பது, எந்தப் பக்கம் சீவுவது என்று தெரிந்த ஓடாவிமார் ஊருக்கு ஒருவர், இருவர்தான் மிச்சம். அவர்கள் கதிரையில் இருந்து சொல்லித் தந்தாலே போதும். எங்கள் பேரன் இப்போது 120 அரத்தாளுக்கும் 220 அரத்தாளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லுவான்.

செவ்வாய்க்கிழமை போன மரம் போனதுதான். ஆனால் அந்த வீட்டின் முன்விறாந்தைக் கூரையை இன்னும் பிரிக்கவில்லை. நேற்று அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்து ஸ்ரான்டைக் காட்டினேன். குனிந்து கீழ்ச்சட்டம் வரை பார்த்தார், விரலால் தட்டியும் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரிக்கும்போது சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கயிறு எங்களிடம் இருக்கிறது. ஓடாவியாரும் சுத்தியலோடு வருகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொக்குவில்.